அந்த நாலு நாள்

எங்கள் தெருவில் மூடாத பொருள் என்று ஒன்று கிடையாது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு, தட்டின் மேல் துணி. சாமி படத்துக்குக்கூட மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டிருப்போம். விளக்கேற்றும்போது விலக்கி, கும்பிட்டு முடித்ததும் இறக்கிவிடுவோம். விருந்தாளி வந்தால் டிவி உறையைக் கழற்றுவோம், அவர்கள் படியிறங்கியதும் மாட்டிவிடுவோம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வீடு இருந்தால் இப்படித்தான் குடித்தனம் நடத்த முடியும். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம்.

தெருவுக்கு வேலாயுத நகர் என்று பெயர். நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முப்பது வீடு, ஏழு கடை, அவ்வளவுதான். முன்னால் சாலை. துறைமுக வாசலில் முறை வரும்வரை டிரெய்லர் லாரிகள் அந்தச் சாலையில்தான் வரிசையாக நிற்கும். உள்ளே நெருக்கடி என்றால் ஒரு பகல், சில நேரம் இரண்டு பகல். நின்றாலும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். முன்வண்டி நகர்கிற நொடியில் பக்கத்து வண்டிக்காரன் புகுந்துவிடுவான் என்ற பயம். நடுவில் நிலக்கரி ஏற்றிய லாரிகள் வேறு, தார்ப்பாயைப் பேருக்குக் கட்டிக்கொண்டு வரும்.

அந்தத் தார்ப்பாயை விற்கிறவன் நான்தான். லிங்கராஜ் தார்ப்பாய் கடை என்றால் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாய், நைலான் கயிறு, ஓரத்தில் அடிக்கிற பித்தளை வளையம். லாரி ஓடிக்கொண்டே இருந்தால் என் கடையில் யார் இறங்குவார்கள்? நின்றால்தான் வியாபாரம். லாரி நின்று நின்றுதான் நான் மாடி வைத்த வீடு கட்டினேன். லாரி நின்று நின்றுதான் என் மனைவி செண்பகத்துக்கு மூச்சு போனது. இரண்டும் ஒரே சாலையில்தான் நடந்தது.

சாகுபுரம் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்தாறு வருஷம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு வாய் மட்டும் நாலு பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற மாதிரி இருக்கும். அந்த வாய்தான் கடைசி நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மிச்சத்தைச் சொல்வாள். நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டை மாத்துங்க" என்றார். பார்ப்போம் என்றேன். நாலு வருஷமும் அதையேதான் சொன்னேன். கடையை விட்டு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இது என்னுடைய குற்றம். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. நகர்ச் சங்கத்தின் செயலாளர் பால்துரை அண்ணாச்சி, மளிகைக் கடைக்காரர், கூட்டம் போட்டு விவரம் சொன்னார். தென்மாவட்டச் சரக்குப் போக்குவரத்தைச் சீராக்க வெளிநாட்டு வங்கி ஒன்று பணம் கொடுக்கிறது. ஊருக்கு வெளியே லாரிகள் காத்திருக்கப் பெரிய மைதானம், அங்கிருந்து துறைமுக வாசலுக்குத் தனிச் சாலை. முறை வந்த லாரி மட்டும் உள்ளே வரும். ஆனால் துறைமுகத்தைச் சுற்றி இப்படி மூன்று சாலை இருக்கிறது. இப்போது இருக்கிற பணம் ஒரு சாலைக்குத்தான் காணும். எந்தச் சாலையில் காற்று ரொம்ப மோசமோ, அதற்கு முதலில். மூன்று இடத்திலும் மெஷின் வைத்து அளக்கப்போகிறார்கள்.

"அப்ப நமக்குத்தான்," என்றது கூட்டம். காற்று மோசம் என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

பரோட்டா கடைக்காரரும் பஞ்சர் கடைக்காரரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். திட்டத்துக்குத் தெருக்காரர்கள் கொடுத்த சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல், "தார்ப்பாய்க்காரரே போட்டுட்டாரு" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு சந்தேகமும் இருந்திருக்க வேண்டும். அப்போது எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செண்பகம் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"கடைக்கு என்ன செய்விய?" என்றாள்.

"நீ முதல்ல மூச்சு விடு. கடையப் பொறவு பாப்போம்."

"லாரி போயிட்டா... நான் முன்னறை ஜன்னலத் தொறந்து வைப்பேன்," என்றாள். "டிவி உறைய அடுப்புல போடுவேன்."

அந்த ஜன்னலைத் திறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

சாலையைப் பார்த்த மாடி என்று மெஷின் வைக்க எங்கள் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். திட்ட இன்ஜினியர் சரண்யாதேவி வந்தார். ஆற்றங்கரைப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். முப்பது வயது இருக்கும், நிதானமான பேச்சு. கூட மெஷின் பூட்டுகிற கிளைட்டன், திரேஸ்புரத்துக்காரர். மெஷின் இரும்புக் காலில் நின்றது. மேலே ஒரு குழாய், குழாய்க்கு ஒரு சின்னத் தொப்பி. அதன் வழியாகத்தான் காற்றை இழுக்குமாம்.

"நாப்பத்தஞ்சு நாள், அண்ணாச்சி. பக்கத்துல எதையும் எரிக்காதீங்க. யாரும் கை வைக்க வேண்டாம்," என்று சரண்யாதேவி ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கீழே கடையில் ஒரு டிரைவர் கயிறு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கிளைட்டன் இறங்கும்போது, "ஆறு லட்ச ரூவா சாமான், அண்ணாச்சி. பத்திரமாப் பாத்துக்கிடுங்க," என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் செண்பகத்திடம் சொன்னேன். "ஆறு லட்சமாம்ளா. ஒரு தூசி தும்பு படக்கூடாது. கெட்டுப்போச்சுன்னா நம்ம ரோடே போச்சு."

இதே வார்த்தைதான். சொன்னவன் நான். தார்ப்பாய் விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

மாடிக்குப் பதினேழு படி. டாக்டர் அவளைப் படி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார். மெஷின் வந்த நாலாம் நாளிலிருந்து அவள் காலையில் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது படியில் ஒரு தடவை நிற்பாள், பத்தாவதில் ஒரு தடவை, அப்புறம் சத்தமே இருக்காது. இறங்கி வரும்போது உதடு வெளுத்திருக்கும்.

"எதுக்குளா மாடிக்கு ஏறுத? சொன்னா கேக்கவே மாட்டியா?"

"மேல கொஞ்சம் காத்து வருது," என்பாள்.

மாடியில் என்ன காற்று, கீழே இருக்கிற அதே கரிதானே என்று கத்துவேன். சாயங்காலம் மறுபடியும் ஒரு தடவை ஏறி இறங்குவாள். என் பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டைக் குழாயடியில் உட்கார்ந்து கசக்குவாள், தண்ணீர் கறுப்பாக ஓடும். அடுப்படித் துணி என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எந்தத் துணியைக் கசக்கினாலும் அந்த நிறம்தான் வரும்.

பத்து நாளைக்கு ஒரு முறை கிளைட்டன் வருவார். வருகிறேன் என்று முன்னாலேயே போன் செய்வார். செண்பகம் எனக்கு முன்னால் மாடிக்கு ஏறிவிடுவாள். கிளைட்டன் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, புதுசு மாதிரி வச்சிருக்கிய," என்பார். அவளுக்கு முகம் மலர்ந்துபோகும்.

முப்பத்தோராம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டாம் நாள் முகமூடியை விலக்கிக் கேட்டாள்.

"மெஷினப் பாத்தியளா?"

"அது அங்கனதான் நிக்கி. எங்க போவப்போவுது?"

"தூசி அடைஞ்சிரும்லா," என்றாள்.

முகமூடியை இழுத்து மாட்டிவிட்டு, பேசாமல் படு என்றேன். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாள் காலையே படியில் சத்தம் கேட்டது. மூன்றாவது படி, ஐந்தாவது படி என்று எனக்குக் கணக்குக் குழம்பும் அளவுக்கு நின்று நின்று ஏறினாள். கடைக்கு வந்த ஆளை விட்டுவிட்டு நான் எழுந்து போகவில்லை.

முடிவு வந்த அன்று சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. பால்துரை அண்ணாச்சி தாளைப் பார்த்து வாசித்தார். மூன்று சாலையில் எங்கள் சாலை மூன்றாவது. தனிச் சாலையும் மைதானமும் உப்பளத்தை ஒட்டிய இன்னொரு சாலைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ எங்கேயோ விளையாடிவிட்டார்கள் என்று பேச்சு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மறுநாள் காலை கடை ஷட்டரைத் துடைத்த கைக்குட்டையை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

சரண்யாதேவியின் மேசையில் கைக்குட்டையை விரித்துப் போட்டேன். "இது ஒரு நாள் கரி. இதுதான் மூணாவது எடமா?"

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி, லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். "எனக்கும் இது இடிக்குது, அண்ணாச்சி. நீங்களே பாருங்க."

திரையில் ஒரு கோடு. முதல் மூன்று நாள் உயரமாகப் போகிறது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்குச் சட்டென்று கீழே விழுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுகிறது. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும் விழுகிறது. லாரி நெரிசல் உச்சத்தில் இருக்கிற பகல் முழுக்க, மலைமேல் இருக்கிற ஊர்க் காற்றைப் போலச் சுத்தமாக இருக்கிறது.

"இங்க மட்டும் ஒரு நாலு நாள்," என்று அவர் விரலை வைத்தார். "முப்பத்தொண்ணுல இருந்து முப்பத்திநாலு வரைக்கும். முதல் மூணு நாளுக்கு அப்புறம் இந்த நாலு நாள்தான் பகல்லயும் மேல நிக்குது. மூணு இடத்துலயும் இதுதான் பெரிய அளவு. அப்புறம் திரும்பவும் விழுந்துருச்சு. ஈரத்துணி மாதிரி எதையாவது குழாய் மேல யாராவது போட்டாங்களா, அண்ணாச்சி?"

நான் அந்த நாலு நாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

குழாயடியில் ஓடிய கறுப்புத் தண்ணீர், கிளைட்டன் வருவதற்கு முன் அவள் அவசரமாக மாடி ஏறியது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட கேள்வி, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. மெஷின் மூச்சு விட்டால்தான் எங்களுக்குச் சாலை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தூசி படக்கூடாது என்றுதானே சொன்னேன். சொன்னால் நான் திட்டுவேன் என்று சொல்லாமல் ஏறியிருக்கிறாள். காலையில் ஈரத்துணியால் போர்த்திவிட்டு, சாயங்காலம் எடுத்துத் துவைத்து, தன் மூச்சைச் செலவழித்து அந்த மெஷினைக் கரியிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள்.

பால்துரை அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். இவர் தெருவுக்குப் போனால் முதல் வேலையாக எல்லோரிடமும் சொல்வார். சாயங்காலத்துக்குள் அது அவள் காதுக்குப் போகும்.

"நான்தான் போட்டேன்," என்றேன்.

"என்ன வே சொல்லுதீரு?" என்றார் அண்ணாச்சி.

"மெஷின் கெட்டுப்போயிருமேன்னு நான்தான் போத்தி வச்சேன். எனக்குத் தெரியாது."

சரண்யாதேவி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அந்தத் தாள்ல போட்டிருந்துச்சு, அண்ணாச்சி. நானும் வாயால சொல்லியிருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

"அந்த நாலு நாள வச்சுப் பாக்க முடியாதாம்மா?"

"முதல் மூணு நாளைச் சேத்தாலும் நாப்பத்தஞ்சுல ஏழு நாள் பத்தாது. பேங்க்ல ஏத்துக்க மாட்டாங்க. அறிக்கையும் போயாச்சு."

"அடுத்தாப்புல எப்பம்?"

"மூணு வருஷம் ஆகும்," என்றார்.

அவளுக்கு மிச்சம் என்று டாக்டர் எனக்குச் சொன்ன காலம் அதில் பாதிகூட இல்லை.

ஆட்டோவில் தெருவுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அண்ணாச்சி சொன்னார். "கடைய மூட மனசில்லன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வே. பொண்டாட்டி இருக்கிற நிலைமையிலயா இந்த வேலை பாத்தீரு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. லாரி நின்றால் பிழைக்கிறவன், லாரியை நிறுத்தி வைக்க மெஷினை மூடிவிட்டான். யார் கேட்டாலும் நம்புவார்கள். நானே கேட்டிருந்தால் நானே நம்பியிருப்பேன். ஒரே நாளில் தெரு முழுக்க அப்படித்தான் பேசியது. பரோட்டா கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளிடம், மெஷினில் ஏதோ கோளாறாம், மறுபடியும் வைப்பார்களாம் என்று சொல்லி வைத்தேன். அது இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட வந்தால், அவள் அந்த வேட்டித் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஆறுதல் சொல்வதாக நினைத்து வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னிய?" என்றாள்.

நான் சோற்றுத் தட்டை எடுத்து வைத்தேன்.

"நான்லா போத்துனேன்."

"தெரியும், விடு."

"கடைக்காகச் செஞ்சியன்னு... சொல்லுதாவ. நான் போயிச் சொல்லிட்டு வாரேன்."

வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவள் கேட்கவில்லை. சண்டைபோட்டுத் தடுத்தால் அதற்கும் அவளுக்கு மூச்சு வேண்டும். பால்துரை அண்ணாச்சி கடை எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது கட்டடம். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடித்துப் பிடித்துப் போனாள். பக்கத்தில் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு நின்றன. கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையில் இருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். அண்ணாச்சி பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சோடாவை உடைத்துக் கொடுத்தார். அவள் துணியை மறுபடியும் காட்டினாள். முகம் துடைக்கக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் தன் தோளில் கிடந்த துண்டை நீட்டினார்.

"நீ எதுக்கும்மா நடந்து வார?" என்றார். "அவரு செஞ்சதுக்கு நீ வந்து மன்னிப்புக் கேக்கணுமா? உன்மேல யாருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது."

அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. அழுகையை அடக்குகிற நாளில் மூச்சு இன்னும் மோசமாகும். ஒரு சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் போன பொறவாவது... சொல்லிருங்க."

"சரி."

"உங்களத் தப்பா நெனைக்கக் கூடாது... யாரும்."

"சொல்லுதேன்ளா," என்றேன். அவளுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதி.

மார்கழி இருபதாம் தேதி காலையில் போய்விட்டாள். பிள்ளை இல்லாததால் கொள்ளி வைப்பதும் நான்தான். மதியம் இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. பூ ஜோடித்த திறந்த வண்டி. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். தெரு ஆண்கள் முன்னால் நடந்தார்கள். என்னோடு பேச்சு இல்லாதவர்களும் அவளுக்காக வந்திருந்தார்கள்.

திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை டிரெய்லர்கள், பின்னால் நிலக்கரி லாரிகள். அன்று துறைமுகத்துக்குள் ஏதோ இயந்திரம் பழுதாம். போவதற்கும் வழியில்லை, திரும்புவதற்கும் வழியில்லை. எங்களை ஒட்டி நின்ற டிரெய்லர் டிரைவர் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கினார். போன வாரம் என்னிடம் கயிறு வாங்கியவர். இறங்கும்முன் இன்ஜினை அணைத்திருந்தார். மற்ற வண்டிகள் அணைக்கவில்லை. அரை மணி நேரம் ஆகியும் ஒரு சக்கரம் அசையவில்லை. மஞ்சள் சேலைமேல் பொடிப்பொடியாகக் கறுப்பு விழ ஆரம்பித்தது. நெற்றியில் இருந்த குங்குமத்தின் மேலும் விழுந்தது.

பால்துரை அண்ணாச்சி வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று மாதம் கழித்து என்னிடம் பேசின முதல் வார்த்தை. "முகத்த மூடும் வே. கரி விழுது."

சொல்ல வேண்டும் என்றால் இதுதான் நேரம். அவள் சொல்லச் சொன்னாள், நானும் சரி என்றேன். அவரும் கேட்கிற தூரத்தில்தான் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, அன்று அவர் கடை வாசலில் திறந்திருந்ததைப் போல. இந்த முகத்தை வைத்துக்கொண்டு, இவள்தான் சாலையைக் கெடுத்தாள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

சொல்லவில்லை.

யாரோ ஒரு வெள்ளைத் துணியை என் கையில் கொடுத்தார்கள். பிரித்தேன். முப்பது வருஷமாக மூடுவதற்கென்றே துணி விற்றவன், அவள் முகத்தை மூட எனக்குக் கை வரவில்லை. அந்தத் துணியைச் சுருட்டிப் பிடித்து, அவள் நெற்றியையும் கன்னத்தையும் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடியும் விழுந்தது. லாரிகள் நகர்கிற வரைக்கும், ஒன்றே கால் மணி நேரம், துடைத்துக்கொண்டே இருந்தேன்.